போர்க்களத்தை அளந்த பேராசிரியர்

உலக சரித்திரத்தில் போருக்கு உள்ள இடம் பெரிது. ஆயின், போரைப் பற்றி மனிதர் எழுதி வைத்தவற்றுள் அப்படியே நம்பத்தக்கது சிறிது. வென்றவன் தன் வெற்றியைப் பெருக்கிச் சொல்கின்றான். தோற்றவன் பகைவனின் தொகையைப் பெருக்கிச் சொல்கின்றான். இருவருக்கும் பின்னே வருகின்ற புலவன் இரண்டையும் மேலும் பெருக்கிப் பாடுகின்றான். பாரதப் போரிலே பதினெட்டு அக்குரோணிச் சேனை மடிந்தது என்று கதை கேட்போர், அத்தனை பேருக்கும் உலை வைத்தவர் யார், அரிசி வந்த வழி எது என்று வினவுவதில்லை. காவியத்திலே அவ்வினாவுக்கு இடமும் இல்லை. சரித்திரத்திலோ அதுவே முதல் வினாவாதல் வேண்டும். அவ்வினாவைச் சலியாது கேட்டு, விடை காண்பதற்கு ஒரு நெறியையும் வகுத்தவர் ஹான்ஸ் டெல்புரூக் என்னும் ஜேர்மன் பேராசிரியர்.

டெல்புரூக் 1848 ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 11 ஆந் திகதி, பால்டிக் கடலிலுள்ள றூகன் தீவிலே, பேர்கன் என்னும் ஊரிற் பிறந்தார். தந்தையார் ஒரு நீதிபதி. தாயார், பேர்லின் சர்வகலாசாலையிலே தத்துவம் போதித்த ஒரு பேராசிரியரின் மகள். எனவே, சட்டமும் கல்வியும் அரசாங்க சேவையும் அக்குடும்பத்துக்குப் பழகிய துறைகளாக இருந்தன. வாளேந்தும் தொழில் அக்குடும்பத்தின் தொழிலன்று. ஹைடல்பேர்க், கிறைப்ஸ்வால்ட், பொன் ஆகிய சர்வகலாசாலைகளில் இளைஞர் சரித்திரம் பயின்றார். படிப்பு முடியுமுன் 1870 இல் பிரான்சுடன் யுத்தம் மூண்டது. அவர் படையிற் சேர்ந்து போர்முனைக்குச் சென்றார். அங்கே கொடிய காய்ச்சலாற் பீடிக்கப்பட்டார். பின்னரும் பல ஆண்டுகள் சேமப்படை அதிகாரியாக இருந்தமையால், படை நடக்கும் விதத்தையும், உண்ணும் விதத்தையும், களைக்கும் விதத்தையும் நேரிற் கண்டறியும் வாய்ப்பு அவருக்குக் கிடைத்தது. பிற்காலத்தில் அவர் செய்த ஆராய்ச்சிகளுக்கு இவ்வனுபவம் பெருந்துணையாயிற்று.

1873 இல் அவர் கலாநிதிப் பட்டம் பெற்றார். அதற்காக அவர் எடுத்துக்கொண்ட பொருள் போர் அன்று. பதினோராம் நூற்றாண்டில் வாழ்ந்த லாம்பேர்ட் என்னும் துறவி எழுதிய வரலாற்றை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதே அவர் ஆராய்ந்த வினா. ஒரு பழைய சாட்சியை நிறுத்திவைத்து, "நீ சொல்வது நடந்திருக்கக் கூடியதா?" என்று விசாரிக்கும் வித்தையை அவர் இங்கே கற்றுக்கொண்டார். அடுத்த ஆண்டு வசந்தத்திலே, விற்றன்பேர்க்கில் படைப் பயிற்சிக்குச் சென்றிருந்தபோது, ரூஸ்டோ என்பவர் எழுதிய காலாட்படையின் வரலாறு அவர் கைக்கு எட்டியது. அந்நூலே அவர் வாழ்வின் திசையை நிருணயித்தது. ஆதாரங்களை விசாரிக்கும் சரித்திர வித்தையையும், படையைப் பற்றிய அறிவையும் ஒன்றாகப் பிணைத்தல் வேண்டும் என்னும் எண்ணம் அன்று முளைத்தது.

அக்காலத்தில் அவர் முடிக்குரிய இளவரசர் பிரெடெரிக்கின் அரண்மனையிலே, அவருடைய இளைய மகன் வால்டெமாருக்கு ஆசிரியராக அமர்ந்திருந்தார். 1874 முதல் ஐந்து ஆண்டுகள் இப்பணி நீடித்தது. 1879 இல் அச்சிறுவன் தொண்டை அழற்சி நோயால் இறந்தான். அரண்மனை வாழ்வு டெல்புரூக்குக்குப் படைத்தலைவர்களின் அறிமுகத்தைத் தந்தது. நெப்போலியனை எதிர்த்து நின்ற பிரஷியத் தளபதி கினைஸெனௌவின் வாழ்க்கை வரலாற்றை எழுதத் தொடங்கிய பெர்ட்ஸ் என்னும் அறிஞர் அதனை முடிக்காது காலமாகவே, அவ்வேலை டெல்புரூக்கிடம் வந்து சேர்ந்தது. 1880 இல் அதனை நிறைவு செய்தார். மறு ஆண்டு பேர்லின் சர்வகலாசாலையில் விரிவுரை நிகழ்த்தத் தொடங்கினார்.

இங்கேதான் அவர் இரு மதில்களுக்கு நடுவே அகப்பட்டார். சர்வகலாசாலை அறிஞர்கள், போரின் நுட்பம் கல்விமான்களுக்குரிய பொருளன்று, படைவீரர் ஆராய வேண்டிய பொருள் என்று கருதினர். படைத் தலைமையகத்தாரோ, போரைப் பற்றி எழுதுவதற்கு நூலகத்திலே இருக்கும் பேராசிரியருக்கு என்ன தகுதி உண்டு என்று நகைத்தனர். ஜேர்மன் படைத் தலைமையகத்திலே சரித்திரத்துக்கென்று ஒரு தனிப் பிரிவே இருந்தது. பழைய போர்களிலிருந்து இளம் அதிகாரிகளுக்குப் பாடம் எடுத்துக் கொடுப்பது அதன் பணி. ஆகவே, பழைய போரைப் பற்றிய கருத்து வேறுபாடு வெறும் ஏட்டுச் சண்டையாக நிற்கவில்லை. நேற்றைய போரை எவ்வாறு விளங்கிக்கொண்டார்களோ, அவ்வாறே நாளைய போரையும் நடத்துவார்கள் என்பதை இரு சாராரும் அறிந்திருந்தனர்.

டெல்புரூக்கின் ஆராய்ச்சி நெறியை ஓர் உதாரணத்தாற் காட்டலாம். கி. மு. 480 இல் பாரசீகப் பேரரசன் ஸெர்க்சஸ் கிரேக்க நாட்டின் மீது படையெடுத்தான். அப்படையின் தொகையைக் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரொடோட்டஸ் வகை வகையாகக் கணக்கிட்டுள்ளார். தரைப்படையும் அதனுடன் சென்ற ஏவலாளரும் சேர்ந்து 42 இலட்சம் பேர் என்பது அக்கணக்கின் முடிவு. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேலாகப் பலரும் இதனைப் பயபக்தியுடன் திருப்பிச் சொல்லி வந்தனர். டெல்புரூக் ஏட்டை மூடி வைத்துவிட்டு, வீதியை எண்ணிப் பார்த்தார். அவர் காலத்து ஜேர்மன் படை ஒழுங்கின்படி, 30,000 பேர் கொண்ட ஒரு படைப்பிரிவு, பொதிவண்டிகளை நீக்கிப் பார்த்தாலும், வீதியிலே மூன்று ஜேர்மன் மைல் நீளத்துக்கு நிற்கும். ஒரு ஜேர்மன் மைல் ஏறக்குறைய ஏழரைக் கிலோமீற்றர். 42 இலட்சம் பேர் என்றால் இத்தகைய பிரிவுகள் 140. அவற்றின் நீளம் 420 ஜேர்மன் மைல், அதாவது 3,000 கிலோமீற்றருக்கு மேல். படையின் தலை கிரேக்க நாட்டின் தெர்மொப்பிலைக் கணவாயை அடையும் வேளையிலே, வால் அப்பொழுதுதான் தைகிரிஸ் நதிக்கு அப்பாலுள்ள சூஸா நகரை விட்டுப் புறப்பட்டுக்கொண்டிருக்கும்! அத்தகைய படை எங்கே உண்டது, எங்கே நீர் அருந்தியது என்று கேட்கவே வேண்டியதில்லை.

இவ்வாறு, ஏட்டுச் சான்றைப் பொருட்சான்றினால் உரைத்துப் பார்ப்பதையே அவர் தம் நெறியாகக் கொண்டார். நிலம் மாறுவதில்லை, மனிதனின் கால் ஒரு நாளில் நடக்கும் தூரம் பெரிதும் மாறுவதில்லை, குதிரையின் வயிறு எக்காலத்தும் ஒன்றே. எனவே, பழைய ஆசிரியன் பிழைபடக் கூறுமிடத்தில் இவை சாட்சி சொல்லும். மரதன் சமவெளியைப் பார்த்த ஒரு பிரஷிய அதிகாரி, ஒரு பிரஷியப் படையணி பயிற்சி செய்வதற்கே அங்கு இடம் போதாது என்று வியந்து எழுதியிருந்தார். அக்குறிப்பு டெல்புரூக்குக்குப் பல ஏடுகளிலும் பெறுமதியுள்ளதாகத் தோன்றியது. அப்போரிலே ஏதென்ஸ் வீரர்கள் கனத்த கவசத்துடன் எட்டு ஸ்டேடியம், அதாவது ஏறக்குறைய ஒன்றரைக் கிலோமீற்றர் தூரம், ஓடிச் சென்று பகைவரைத் தாக்கினர் என்று ஹெரொடோட்டஸ் சொல்கின்றார். பிரஷியப் படை விதியோ முழுச் சுமையுடன் இரண்டு நிமிடத்துக்கு மேல் ஓடக் கூடாது என்று விதித்திருந்தது. அவ்விரண்டு நிமிடத்தில் ஓடக்கூடிய தூரம் ஏறக்குறைய 350 மீற்றர். ஒன்றரைக் கிலோமீற்றர் ஓடி வந்தவன் மூச்சிரைத்து நிற்பானேயன்றிப் போர் புரியான் என்பது டெல்புரூக்கின் முடிவு. மக்கெடோனியரின் நீண்ட ஈட்டியைக் கையாள்வது எவ்வாறு என்று அறிவதற்காக, பேர்லின் மாணவர் தேகப்பயிற்சிக் கழகத்தாரிடம் நீண்ட கழிகளைக் கொடுத்து அணிவகுத்து நடக்கச் செய்தும் அவர் பார்த்தார்.

எண்ணிக்கை எவ்வாறு வளர்கின்றது என்பதையும் அவர் ஆராய்ந்தார். பாரசீகப் போர்களுக்குப் பாரசீகர் தரப்புச் சான்று கிடைப்பதில்லை. கிரேக்கர் சொன்னதே எஞ்சியுள்ளது. ஆகவே, இரு தரப்புச் சான்றும் கிடைக்கின்ற வேறொரு போரை அவர் ஒப்பிட்டார். 1476 இல் பர்கண்டி நாட்டுக் கோமகன் சார்ள்ஸை, சுவிற்சர்லாந்து விவசாயிகளும் நகரத்தாரும் கிறான்சொன், மூர்ற்றன் ஆகிய இடங்களில் முறியடித்தனர். சில தலைமுறைகளுக்குப் பின் எழுதிய சுவிஸ் ஆசிரியர்கள், சார்ள்ஸின் படை எண்ணற்ற பெரும்படை என்றும், தம் முன்னோர் சிறு கூட்டமாக நின்று வென்றனர் என்றும் வருணித்தனர். ஆனால், அக்காலத்துப் பத்திரங்களைப் பார்த்தால், கிறான்சொனில் நின்ற பர்கண்டிப் படை சுவிஸ் படையினும் சிறியது. பர்கண்டிப் போரைப் பற்றி ஒரு நூற்றாண்டுக்குள் இத்தகைய கதை வளருமானால், எழுத்து அருகியிருந்த கிரேக்க நாட்டிலே சலாமிஸ் போரைப் பற்றிக் கதை வளர்ந்தமை வியப்பாகுமா? இக்கருத்தை விளக்கும் அவருடைய நூல் 1887 இல் வெளிவந்தது.

தொகையைக் குறைத்தது வீரரின் புகழைக் குறைப்பதற்காக என்று சிலர் அவர் மீது சினந்தனர். அவர் நோக்கம் அதுவன்று. தொகை பிழைத்தால் காரணமும் பிழைத்துவிடும். பாரசீகர் வெறும் பெருங்கூட்டம் என்று கொண்டால், கிரேக்கர் வென்றது ஓர் அற்புதமாகவே நிற்கும். அற்புதத்துக்கு விளக்கம் இல்லை. பாரசீகர் தேர்ந்த குதிரை வீரரும் வில்லாளரும் கொண்ட அளவான படையினர் என்று கொண்டால், கவசமணிந்து நெருங்கி நின்ற குடியானவரின் அணி அவர்களை எவ்வாறு எதிர்த்து நின்றது என்ற உண்மையான வினா எழும். அவ்வினாவுக்கு விடை, அக்குடியானவர் வாழ்ந்த நகர அரசின் அமைப்பிலே இருக்கின்றது. இவ்வழியே டெல்புரூக், போர்க்களத்திலிருந்து அரசியலுக்குச் சென்று சேர்ந்தார்.

அவர் எழுதிய பெருநூலின் பெயரே இதனை உணர்த்தும்: "அரசியல் சரித்திரத்தின் எல்லைக்குள் போர்க்கலையின் சரித்திரம்." அதன் முதற் பாகம் 1900 இலும், நான்காம் பாகம் 1920 இலும் வெளிவந்தன. கிரேக்க அணிவகுப்பிலிருந்து நெப்போலியன் வரை அது செல்கின்றது. உரோமப் படையணி ஏன் அழிந்தது என்ற வினாவுக்கு, உரோமர் கோழைகளாயினர் என்னும் எளிய விடையை அவர் ஏற்கவில்லை. மூன்றாம் நூற்றாண்டிலே நாணயப் பொருளாதாரம் சிதைந்தது. சம்பளம் கொடுக்க வழியில்லாத அரசு நிலையான படையை வைத்திருக்க முடியவில்லை. பயிற்சியும் கட்டுப்பாடும் அதனோடு போயின என்று விளக்கினார். குதிரை வீரனின் காலம் ஏன் வந்தது, சுவிற்சர்லாந்தின் காலாள் அவனை ஏன் வீழ்த்தினான் என்பவற்றையும் இவ்வாறே சமூக அமைப்பைக் கொண்டு விளக்கினார். படை என்பது ஒரு நாட்டின் வருவாய், குடி, சட்டம், பழக்கம் ஆகிய அனைத்தும் பிரதிபலிக்கும் கண்ணாடி என்பது அவர் நூலின் உட்கருத்து. இத்துணைச் சிறப்புடைய நூலுக்கும் உடனே வரவேற்புக் கிடைக்கவில்லை. உரோம சரித்திரத்தில் உலகப் புகழ்பெற்ற மொம்ஸன், முதற் பாகத்தைப் பெற்றுக்கொண்டு, அதனைப் படிக்கத் தமக்கு நேரம் கிடைப்பது அரிது என்றாராம்.

படைத் தலைமையகத்தாருடன் அவர் நடத்திய விவாதம் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் நீண்டது. அதன் மூலப்பொருள் மகா பிரெடெரிக் மன்னரின் போர்முறை. பகைவனின் படையைத் தேடிச் சென்று ஒரே அடியில் அழிப்பதே போர்த்தந்திரத்தின் ஒரே வழி என்று தலைமையகத்தார் போதித்தனர். நெப்போலியனும், 1866 இலும் 1870 இலும் வென்ற மோல்ற்கேயும் அவர்களுக்கு உதாரண புருஷர்கள். பிரெடெரிக்கும் அவ்வாறே போர் புரிந்தார் என்பது அவர்கள் கொள்கை. டெல்புரூக் இதனை மறுத்தார். போர்க்கலை மேதை கிளாஸ்விற்ஸ் 1827 இல் எழுதிய ஒரு குறிப்பில் போர் இருவகைப்படும் என்று கூறியிருந்தார். அக்குறிப்பை அடிப்படையாகக் கொண்டு, போர்த்தந்திரமும் இருவகைப்படும் என்று டெல்புரூக் வாதித்தார். ஒன்று, பகைவனை ஒரேயடியாக வீழ்த்தும் முறை. மற்றையது, பகைவனைப் படிப்படியாகக் களைப்புறச் செய்யும் முறை. இரண்டாவது முறையிலே போர் புரிவதும், போரைத் தவிர்த்து இடம் பெயர்வதும், நிலத்தைப் பிடிப்பதும், வருவாயைத் தடுப்பதும் எல்லாம் கருவிகளே. தலைவன் சமயம் பார்த்து ஒன்றினை எடுத்து மற்றொன்றை வைப்பான். சிறிய அரசும், அளவான படையும், வரம்புள்ள பொக்கிஷமும் கொண்ட பிரெடெரிக், ஏழாண்டுப் போரிலே ஒஸ்திரியா, பிரான்ஸ், உருசியா ஆகிய மூன்றையும் எதிர்த்து நிலைத்தது இவ்விரண்டாவது முறையால் என்பது அவர் முடிவு.

தேசிய வீரரைச் சிறுமைப்படுத்திவிட்டார் என்று கூக்குரல் எழுந்தது. அதற்கு மறுமொழியாக அவர் 1890 இல், ஏதென்ஸின் பெரிக்கிளிஸையும் பிரெடெரிக்கையும் ஒப்பிட்டு ஒரு நூல் எழுதினார். அதிலே ஓர் அங்கதமும் இருந்தது. எதிராளிகளின் அளவுகோலையே எடுத்து, அதன்படி அளந்தால் பிரெடெரிக் மூன்றாந்தரத் தளபதியாகவே முடிவார் என்று காட்டினார். அளவுகோல் பிழை என்பதைக் காட்டவே அவர் அவ்வாறு எழுதினார். எனினும், அங்கதத்தை உணராத சிலர், பேராசிரியர் மன்னரை மெய்யாகவே பழிக்கிறார் என்று கொதித்தெழுந்தனர்.

இவ்விவாதத்தின் நடுவே ஒரு விந்தையும் நிகழ்ந்தது. அவருடைய பெருநூலின் முதற் பாகத்திலே கன்னே போர் விரிவாக விளக்கப்பட்டுள்ளது. கி. மு. 216 இல் ஹன்னிபால், தன் படையினும் பெரிய உரோமப் படையை இருபுறமும் சூழ்ந்து முற்றாக அழித்தான். அப்போதைய படைத் தலைமையகத்தின் அதிபதி ஷ்லீபென் அப்பகுதியைப் படித்துப் பெரிதும் கவரப்பட்டார். கன்னேயைப் போல, பகைவனை வளைத்து ஒரே அடியில் அழிப்பதே அவருடைய இலட்சியமாயிற்று. அதே பெயரில் கட்டுரைத் தொடர் ஒன்றையும் எழுதினார். ஆனால், கன்னேயில் வென்ற ஹன்னிபால் இறுதியில் உரோமரை வெல்லவில்லை. உரோம அரசு தன் குடிகளிடமிருந்து மீண்டும் படை திரட்டிப் போரைத் தொடர்ந்தது. இறுதி வெற்றி அதற்கே கிடைத்தது. போர்க்களத்து வெற்றியை அரசியலுக்குள் வைத்துப் பார்க்க வேண்டும் என்று போதித்தவரின் நூலிலிருந்தே, போர்க்களத்து வெற்றியை மட்டும் தளபதி எடுத்துக்கொண்டார். 1914 செப்டெம்பரில், மார்ன் நதிக்கரையில், பிரான்சை ஒரே அடியில் வீழ்த்தும் திட்டம் முறிந்தது.

டெல்புரூக் நூலகத்துக்குள் அடங்கியிருந்தவர் அல்லர். 1882 முதல் பிரஷியச் சட்டசபையிலும், 1884 முதல் 1890 வரை ஜேர்மன் பாராளுமன்றத்திலும் அங்கத்தவராக இருந்தார். "பிரஷிய ஆண்டேடுகள்" என்னும் திங்கள் வெளியீட்டுக்கு 1883 இல் டிரைட்ஷ்கேயுடன் சேர்ந்து ஆசிரியரானார். 1889 முதல் 1919 வரை தனி ஆசிரியராக நடத்தினார். 1896 இல் டிரைட்ஷ்கே காலமானபின், பேர்லினில் அவர் வகித்த ஆசனத்தில் டெல்புரூக் அமர்ந்தார். முடியாட்சியிலும் பழைமையிலும் பற்றுடையவராக இருந்தும், அரசாங்கத்தின் பிழையைச் சுட்டிக்காட்ட அவர் அஞ்சவில்லை. வட ஷ்லெஸ்விக் பகுதியிலிருந்து டேனியரை வெளியேற்றும் கொள்கையைக் கண்டித்து எழுதினமைக்காக, 1899 இல் அவர் மீது ஒழுக்காற்று விசாரணை நடந்தது. கண்டனமும் அபராதமும் விதிக்கப்பட்டன. அவர் பேனா ஓயவில்லை.

முதலாம் உலக யுத்தம் மூண்டபோது அவருக்கு வயது அறுபத்தைந்து. யுத்தம் ஜேர்மனியின் மீது திணிக்கப்பட்டது என்றே அவரும் மற்றவர்களைப் போல நம்பினார். ஆயினும், மாதந்தோறும் தம் வெளியீட்டில் யுத்த நிலையை ஆராய்ந்து எழுதிய கட்டுரைகளிலே, மார்ன் தோல்விக்குப் பின் அவர் கண்ட உண்மை ஒன்று திரும்பத் திரும்ப ஒலித்தது. பல வல்லரசுகள் சேர்ந்த கூட்டை ஒரே அடியால் வீழ்த்த முடியாது. எனவே, இப்போர் களைப்புறுத்தும் போராகவே நடக்கும். அத்தகைய போரிலே வாளுடன் அரசியலும் சேர்ந்து வேலை செய்தல் வேண்டும். பகைவரின் கூட்டைப் பிரிக்க வேண்டுமானால், பெல்ஜியத்தை ஜேர்மனி விழுங்காது என்று வெளிப்படையாக உறுதி கூறுதல் வேண்டும். இதுவே அவர் வாதம்.

1915 இல் பிற நாட்டு நிலங்களைப் பெருமளவில் இணைத்துக்கொள்ளக் கோரும் விண்ணப்பம் ஒன்றில் பேராசிரியர்களும் பிரமுகர்களுமாக 1,347 பேர் கையொப்பமிட்டனர். அதற்கு எதிராக டெல்புரூக் ஒரு விண்ணப்பம் தயாரித்தார். அதிற் கையொப்பமிட்டவர் 141 பேர். அவர்களுள் விஞ்ஞானிகளான பிளாங்கும் ஐன்ஸ்டைனும், டெல்புரூக்கின் மைத்துனர் முறையினரான இறையியல் அறிஞர் ஹார்னாக்கும் அடங்குவர். இரண்டு எண்களையும் ஒப்பிட்டால், கற்றோர் மத்தியிலும் அன்று நிதானம் எவ்வளவு அருகியிருந்தது என்பது புலனாகும். நடுநிலை நாட்டுக் கப்பல்களையும் எச்சரியாது மூழ்கடிக்கும் நீர்மூழ்கிப் போர் அமெரிக்காவைப் பகைவராக்கும் என்றும் அவர் எச்சரித்தார். 1917 பெப்ரவரியில் அப்போர் தொடங்கியது. ஏப்ரலில் அமெரிக்கா யுத்தத்தில் இறங்கியது.

1918 மார்ச்சு 21 ஆந் திகதி தளபதி லூடென்டோர்ப் மேற்கு முனையிலே பெருந்தாக்குதலைத் தொடங்கினார். பகைவரின் அணியை எங்கே எளிதிற் பிளக்கலாமோ அங்கே தாக்குவது, பின்னர் வருவதைப் பார்த்துக்கொள்வது என்பது அவர் கணக்கு. படை பல மைல் முன்னேறியது. ஆனால், முன்னேறியபின் செல்ல வேண்டிய இலக்கு தெளிவாக இல்லை. தொடர்ந்து செல்லச் சேமப்படையும் குதிரையும் வாகனமும் போதவில்லை. ஒன்றன்பின் ஒன்றாக நடந்த தாக்குதல்கள் படையைத் தேய்த்தன. அவ்வாண்டு நவம்பர் 11 ஆந் திகதி போர்நிறுத்தம் கையொப்பமாயிற்று. அன்றுதான் டெல்புரூக்குக்கு எழுபது வயது நிறைந்தது. தாம் பற்று வைத்திருந்த முடியாட்சி விழுந்த அடுத்த சில நாட்களில் தம் பிறந்த நாளைக் கண்ட அம்முதியவருக்கு, தாம் கூறிய எச்சரிக்கைகள் மெய்யானமை எவ்வித மகிழ்ச்சியையும் தந்திராது.

தோல்விக்குப் பின் ஒரு கதை நாடெங்கும் பரவியது. படை களத்திலே தோற்கவில்லை. உள்நாட்டுச் சோஷலிஸ்டுகளும் அமைதி வேண்டியோரும் அதன் முதுகிலே குத்திவிட்டனர் என்பதே அக்கதை. ஸெர்க்சஸின் 42 இலட்சத்தை ஆராய்ந்த அதே கண்ணோடு டெல்புரூக் இதனையும் ஆராய்ந்தார். தோல்வியின் காரணங்களை விசாரிக்கப் பாராளுமன்றம் நியமித்த குழுவின் முன் நிபுணராகச் சாட்சியமளித்தார். கிடைத்த படைபலத்தைக் கொண்டு பகைவரை முற்றாக வீழ்த்த இயலாது என்பது 1918 இன் தொடக்கத்திலேயே தெரிந்திருக்க வேண்டும். இயலாத இலக்கை நாடியதும், பெல்ஜியத்தைப் பற்றி வாய் திறவாது சமாதான வாய்ப்பை இழந்ததும் தலைமையின் குற்றம் என்று அவர் எடுத்துக்காட்டினார். 1922 இல் லூடென்டோர்ப்பை அவருடைய எழுத்துக்களைக் கொண்டே கண்டித்து ஒரு நூல் வெளியிட்டார். 1925 இல் மூனிச் நகரில் இம்முதுகுக் குத்துக் கதை பற்றி நடந்த வழக்கிலும் நிபுணராகத் தோன்றினார். கதை பொய்யென்று காட்டினாலும், அதனை நம்ப விரும்பியவர்களின் மனத்தை அவரால் மாற்ற முடியவில்லை. அக்கதையைப் படிக்கல்லாகக் கொண்டவர்கள் 1933 இல் ஆட்சியைக் கைப்பற்றினர்.

அவருடைய குறைகளையும் மறைத்தல் ஆகாது. அவர் சமாதானவாதி அல்லர். ஜேர்மனிக்குக் கடற்படையும் குடியேற்ற நாடுகளும் வேண்டும் என்று விரும்பியவர். 1919 இல் வெர்சேய்க்குச் சென்ற அறிஞர் குழுவில் மாக்ஸ் வேபர் முதலியோருடன் சேர்ந்து, யுத்தம் மூண்டமைக்கு ஜேர்மனியே முழுப் பொறுப்பு என்ற குற்றச்சாட்டை எதிர்த்து அறிக்கை தயாரித்தார். ஆராய்ச்சியிலும், பழைய தொகைகளை அளவுக்கு மீறிக் குறைத்துவிட்டார் என்று சில இடங்களில் பிற்கால அறிஞர் கருதுகின்றனர். போர்த்தந்திரத்தை இரண்டே பெட்டிகளுள் அடக்க முயன்றதை ஒற்றோ ஹின்ற்ஸே போன்ற சமகால அறிஞரே மறுத்தனர். ஆயினும், அவரை மறுத்தவர்களும் அவர் வகுத்த வினாக்களையே கேட்டு மறுத்தனர். அறிவுத் துறையில் இதனினும் பெரிய வெற்றி வேண்டியதில்லை.

1921 வரை அவர் சர்வகலாசாலையிற் போதித்தார். முதுமையிலே ஐந்து பாகங்கள் கொண்ட உலக சரித்திரம் ஒன்றை எழுதி முடித்து, 1929 ஜூலை 14 ஆந் திகதி பேர்லினிற் காலமானார். அடுத்து வந்த கொடுங்காலத்தை அவர் காணவில்லை. அவர் குடும்பம் கண்டது. மகன் யுஸ்டுஸ், ஹிட்லரை எதிர்த்த சதியுடன் தொடர்புடையவர் என்று 1944 இல் சிறையிடப்பட்டார். விடுதலையானபின் சோவியத் படையினராற் பிடிக்கப்பட்டு, 1945 இல் அவர்கள் காவலில் இறந்தார். மருமகன் கிளௌஸ் பொன்ஹொபர் 1945 ஏப்ரலில், பேர்லின் வீழ்வதற்குச் சில நாட்களுக்கு முன், சுட்டுக் கொல்லப்பட்டார். இளைய மகன் மாக்ஸ் 1937 இல் அமெரிக்காவுக்குச் சென்று, உயிரியல் ஆராய்ச்சிக்காக 1969 இல் நோபல் பரிசு பெற்றார்.

டெல்புரூக்கின் நூலைத் தாய்நாட்டார் மறந்திருந்த 1943 இலே, அமெரிக்காவிற் போர்த்தந்திரச் சிந்தனையாளர் பற்றி வெளிவந்த தொகுப்பொன்றில் கோர்டன் கிறெய்க் அவரைப் பற்றி விரிவாக எழுதினார். 1975 க்கும் 1985 க்கும் இடையில் அப்பெருநூல் நான்கு பாகங்களும் ஆங்கிலத்தில் வெளிவந்தன. மொழிபெயர்த்தவர் வோல்ற்றர் றென்புரோ என்னும் அமெரிக்கப் படை அதிகாரி. மேற்கு ஜேர்மனியிலே 1957 இல் இராணுவ சரித்திர ஆராய்ச்சி நிலையம் ஒன்று தோன்றியபோது, சீருடை அணிந்தோரும் அணியாதோரும் அங்கே ஒன்றாக அமர்ந்து ஆராய்ந்தனர். போரின் சரித்திரம் படைத் தலைமையகத்தின் தனிச் சொத்து அன்று என்னும் கொள்கை, அதனை முதலில் உரைத்தவர் மறைந்து ஒரு தலைமுறை கழிந்தபின் நிலைபெற்றது.

படையை நடத்துபவன் களத்தை அறிவான். களத்துக்கு வெளியே உள்ள நாட்டை அவன் எப்போதும் அறிவான் என்று சொல்லுதற்கில்லை. அரசியலை நடத்துபவன் நாட்டை அறிவான். களத்தில் இயலுவது எது, இயலாதது எது என்பதை அவன் எப்போதும் அறிவதில்லை. இருவரும் சொல்வதைக் கேட்டு, தூரத்தையும் தொகையையும் உணவையும் எண்ணிப் பார்த்து, நடந்தது இது என்று அச்சமின்றிக் கூறும் மூன்றாமவன் ஒருவன் ஒவ்வொரு நாட்டிலும் இருத்தல் வேண்டும். அவன் சொல்லை உரிய காலத்திற் கேட்காத நாடு, அதன் விலையைத் தன் மக்களின் உயிராலே கொடுக்கின்றது.